ரோலர் சுவிட்ச்

தெருவில் ஆம்புலன்ஸ் அலறியதும் என் விரல் சேமிக்கும் பொத்தானுக்குப் பாய்ந்தது. "அது தானா சேவ் ஆகிடும்மா," என்று மகள் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டயகம தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, மாதா கோயில் அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில் சங்கு ஊதி, கொழுந்து அரைக்கும் ரோலர்களை ஓட்டியதும் கரண்ட் குறையும். நீலத் திரை அணைந்து, சேமிக்காத நிரல் மொத்தமும் போய்விடும். ரோலர் சுவிட்சைப் போடுபவர் என் அப்பா.

கம்ப்யூட்டர் பரீட்சையன்று காலை, "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் தாமதமா போடுங்கப்பா," என்று கெஞ்சினேன். தேறினால் ஹட்டன் டவுனில் வேலை.

"ஃபெக்டரியைப் பாக்குற டீமேக்கர் ஐயா பக்கத்துலயே நிப்பாரு. எப்படிம்மா?"

நிரலில் 'தொழிலாளி' என்றொரு கிளாஸ் எழுதி, அதன் முதல் ஆளுக்கு அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்தேன். பரீட்சகர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஓட்டினால் பிழை. திருத்தினேன், மறுபடியும் பிழை. அப்போது சங்கு ஊதியது. இதோ அணையப்போகிறது என்று திரையையே பார்த்தேன். அணையவில்லை. விடுபட்டிருந்த அரைப்புள்ளி கண்ணில் பட்டது. போட்டு ஓட்டினேன். அப்பாவின் பெயர் திரையில் வந்தது. பரீட்சகர் தலையாட்டிய பிறகுதான் ரோலர் இரைச்சல் கேட்டது, திரை இருண்டது.

சாயந்தரம் அப்பா வந்தார். நாளையிலிருந்து ஃபெக்டரிக்கு வர வேண்டாம், மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போ என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா அழத் தொடங்கினாள். அப்பா என்னிடம் திரும்பினார்.

"ஓடுச்சாம்மா?"

இப்போதெல்லாம் தானாகச் சேமித்துக்கொள்ளுமாம். இருந்தாலும் இன்னொரு தடவை அமுக்கினேன்.