என் சகலை பேட்டரி

என் மனைவியின் தங்கையைக் கட்டியவனுக்குத் தெருவில் பேர் பேட்டரி. பெற்றவர்கள் வைத்த பேர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. பேட்டரிக் கடையில் வேலை பார்த்தான். வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவான். ஆசிட் பட்டுச் சட்டையெல்லாம் பொத்தல். மாமனார் வீட்டுக்கும் அதே சட்டையோடுதான் வருவான். நான் மூத்த மாப்பிள்ளை, சொந்தமாக கிரில் பட்டறை. எனக்குக் கை வைத்த நாற்காலி, அவனுக்குக் கட்டில் ஓரம். பத்து வருஷம் அப்படித்தான் ஓடியது. நல்ல வருஷங்கள்.

ஒருநாள், மூலையில் கீறல் விழுந்ததென்று எவனோ ஒதுக்கிப் போட்ட சோலார் பேனலை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். மொட்டைமாடியில் செங்கல்லை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்தான். ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு எரிந்தது.

"வெயிலைப் பிடிச்சு ஃபேன் சுத்த விடுறியாமே சகலை? அப்படியே மழையைப் பிடிச்சு மிக்ஸியும் ஓட்டிடு" என்றேன். மாமனார் வீடே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

அந்த வருஷப் புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து ஒன்பது நாள் கரண்ட் இல்லை. போனுக்கு சார்ஜ் போடத் தெருவே அவன் வாசலில் நின்றது. என் மனைவியும் போனாள். திரும்பி வந்து, "தங்கச்சி வீட்டுல ஃபேன் ஓடுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புழுக்கத்தைவிட அது சுட்டது.

அதற்கப்புறம் அவன் காட்டில்தான் வெயில். கடையை விட்டுச் சொந்தமாக இறங்கினான். எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மாடி ஏறிப் பார்ப்பான். நிழல் விழும் இடத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போடுவான். கோட்டுக்குள் ஒரு பேனலும் வைக்க மாட்டான். "ஒரு மூலையில நிழல் விழுந்தாலும் மொத்தமும் படுத்துக்கும் சகலை" என்பான்.

பேனலைத் தாங்கும் ஸ்டாண்டு மட்டும் என் பட்டறையில். வேலையை வேண்டாம் என்பேனா? ஆனால் இரும்பு என்னுடையது, ஊர் அண்ணாந்து பார்ப்பது அவன் கண்ணாடியை. மாமனார் அவனைக் கண்டால் எழுந்து நின்று "வாங்க மாப்ளே" என்கிறார். எனக்கு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு "ம், வாங்க."

பக்கத்துத் தெரு தையல்கார அக்காவிடம் நாலு மிஷின். மதியத்துக்கு மேல் தினமும் கரண்ட் போகும். போனால் வேலைக்கு வரும் மூன்று பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மிஷினெல்லாம் சோலாரில் ஓடட்டும் என்று பேட்டரியைக் கூப்பிட்டார். அங்கே நன்றாக ஓடிவிட்டால், அக்காவிடம் துணி தைக்க வரும் அத்தனை வீடும் அவனுக்குத்தான். ஓடாவிட்டால் அவன் பேர் அதோடு போச்சு.

இது எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் இன்னொன்று தெரியும். அக்காவுக்கு மேற்குப் பக்க வீட்டுக்காரர் மாடி எழுப்பப் போகிறார். அதற்கு ஆறு ஜன்னல் கிரில் என்னிடம்தான் சொல்லியிருந்தார். சுவர் எழும்பினால் மதியத்துக்கு மேல் பேனல் முழுக்க நிழல்.

ஸ்டாண்டை எடுக்க வந்த பேட்டரி, பட்டறைச் சுவரில் சாய்த்திருந்த ஜன்னல்களைத் தடவிப் பார்த்தான்.

"டிசைன் அழகா இருக்கே சகலை. யார் வீட்டுக்கு?"

"டவுனைத் தாண்டி ஒரு பார்ட்டி" என்றேன். நாக்குக்கூடக் குழறவில்லை.

பேனல் ஏறியது. நாலு மிஷினும் ஓடின. நாலாம் மாசம் பக்கத்துச் சுவர் எழும்பியது. மூணு மணியானால் மிஷின் படுத்துக்கொண்டது. 'பேட்டரி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்' என்று தெருவில் பேச்சு. அதைக் காதால் கேட்பதற்கென்றே ரெண்டு தடவை அந்தப் பக்கம் போய் வந்தேன். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

பேட்டரி அந்தப் புது மாடியில் ஏறிப் பார்த்திருக்கிறான். ஆறு ஜன்னலும் அங்கேதான் இருந்தன. நேரே பட்டறைக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா வீட்டு ஸ்டாண்டுக்குப் பத்தடி கால் வேணும் சகலை. கிழக்கு ஓரமா தூக்கி நிறுத்திடலாம். காத்துக்கு ஆடாம குறுக்குச் சட்டம் போட்டுடுங்க."

ஜன்னலைப் பற்றி மூச்சு விடவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

மாமனாரிடம் "தப்பு என்னுதுதான் மாமா, பக்கத்து வீட்டுல விசாரிக்காம வெச்சுட்டேன்" என்றானாம். "ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று அவர் உருகிப்போனாராம். என் மனைவி வந்து சொன்னாள். சறுக்கி விழுந்தும் அவனுக்குத்தான் பேர்!

புதுக் கால்களை நிறுத்துகிற அன்று அக்கா தண்ணீர்ச் செம்போடு மாடிக்கு வந்தார். முதலில் அவனிடம்தான் நீட்டினார்.

"வித்துட்டுப் போறவங்கதான் தம்பி ஜாஸ்தி. திரும்பி வந்து சரி பண்றது நீங்க ஒருத்தர்தான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பாராட்டு பொறுக்காமல்தான் வாயைத் திறந்தேன், மனசாட்சியெல்லாம் அப்புறம்.

"தப்பு அவன்மேல இல்லக்கா. மாடி வரப்போறது எனக்கு முன்னாடியே தெரியும். அந்த ஜன்னலெல்லாம் நான் செஞ்சது. இவன் கேட்டப்பகூட மறைச்சுட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"வயித்தெரிச்சல்."

அக்கா சிரிக்கவில்லை. "தினம் மூணு மணிக்கு மூணு பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பினேன் தம்பி. பாதிக் கூலியோட" என்று சொல்லிவிட்டு, செம்பை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பேட்டரி ஸ்பேனரை என் பக்கம் நீட்டினான்.

"ஜன்னல் விஷயத்தைப் பத்து நாளா என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லலை சகலை. அவகிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் உங்க வீட்டுக்கு வந்துடும்ல?"

ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன்.

"மாமாகிட்ட நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

சிரிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை.

"நானே சொல்றேன்" என்றேன். போல்ட்டை முறுக்கினேன்.