மாமாவின் நடை

அம்மாவின் அண்ணனை எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் குடிகாரன் என்றுதான் சொன்னார்கள். யட்டியாந்தோட்டை கடைத்தெருவிலிருந்து றப்பர் மலைக்கு ஏறி வரும்போது மாமா பாதையின் இரண்டு ஓரத்தையும் தொட்டுத் தொட்டு வருவார். நாக்கும் குழறும். "நான் குடிக்கிறதில்லீங்க" என்று எதிரே வருகிறவர்களிடம் வலியப் போய்ச் சொல்வார். அதைச் சொல்கிற குரலைக் கேட்டாலே யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மாவும் நம்பவில்லை. ஒரு தீபாவளிக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "கசிப்ப விட்டுட்டு வாண்ணே, அப்ப சோறு போடுறேன்" என்றாள். அவர் அப்படியே திரும்பிப் போனார். அடுத்த மழைக்காலத்தில் ஓடைப் பாலத்திலிருந்து விழுந்து இறந்தார். கல்யாணம் ஆகாதவர் என்பதால் நான்தான் கொள்ளி வைத்தேன்.

சில வருடங்கள் கழித்து அம்மாவின் நடை மாறியது. அவள் றப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் பேர் எடுத்தவள். இப்போது கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியது. பால் வாளியைத் தூக்கினால் பாதி வழியில் சிந்தியது. ஒரு நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போன இடத்தில் கங்காணி எல்லோருக்கும் முன்னால் கேட்டார்:

"என்னம்மா, விடியக் காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திட்டியா? ஒங்க அண்ணனாட்டமே ஆயிட்ட?"

அம்மா அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்டினாள். அப்படியும் அன்றைக்கு அவளுக்கு வேலை கொடுக்கவில்லை.

லயத்துப் பெண்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். "அவன் பசியோட போனவன். தங்கச்சியப் புடிச்சிக்கிட்டான்." அப்பாவுக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோடாங்கியைக் கூட்டி வந்தார். வாசலில் அம்மாவை உட்காரவைத்து, சாம்பிராணிப் புகையைப் போட்டு, வேப்பிலைக் கொத்தால் அடித்துக்கொண்டே கோடாங்கி கேட்டார்:

"யாரு நீ? சொல்லு, யாரு?"

"நாந்தாங்க. வேற யாரும் இல்லீங்க."

அடி நிற்கவில்லை. கேள்வியும் நிற்கவில்லை. கடைசியில் அம்மா அலுத்துப்போய், "அண்ணேந்தான், போதுமா?" என்றாள். குழறிய அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டத்திலிருந்த பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். அது அப்படியே மாமாவின் குரல்.

நான் அப்போது கித்துல்கலையில், ஆற்றில் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிப் போகும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லீவு எடுத்து அம்மாவைக் கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் அம்மாவைத் தரையில் ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். அம்மாவால் முடியவில்லை. "குடும்பத்தில் வேறு யாராவது இப்படி நடந்தார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்த பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் ஒரு ஜானய, அதாவது மரபணு, அட்டாக்சின் என்ற புரதத்தைச் செய்யச் சொல்லிக் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் அந்த மரபணுவுக்குள் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து நீண்டுவிட்டன. அதனால் புரதத்துக்கும் தேவையில்லாத வால் முளைக்கிறது. அது சிறுமூளைக்குள் கட்டிகட்டியாகச் சேர்ந்து, நடையை நிதானமாக வைத்திருக்கும் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது. மருந்து இல்லை. பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி.

சிங்களம் எனக்குத் தமிழ் போலத்தான். ஆனாலும் இதை அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியவில்லை. "பேயும் இல்ல, ஒன்னும் இல்லம்மா. ரத்தத்தோட வர்றது. மாமாவுக்கும் இதுதான் இருந்திருக்கு."

அம்மா என் வாயையே பார்த்தாள்.

"அப்ப அண்ணே குடிக்கலயா?"

"இல்லம்மா."

"அவரு சொன்னாரே. எத்தன தடவ சொன்னாரு."

தன் வியாதியைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடியே வந்தாள். அதற்குப் பிறகு தட்டில் சோறு போட்டால் முதல் பிடியை எடுத்துத் தனியாக வைப்பாள். கை நடுங்கிப் பாதி கீழே கொட்டும். அப்பா அதைப் பொறுக்கி எடுத்து வாசலில் வைத்துவிட்டு வருவார். பேச்சு போய், பிறகு தண்ணீர்கூட இறங்காமல், அம்மா போன வருடம் செத்துப்போனாள்.

இப்போது நான் ஒற்றைக் காலில் நின்றுதான் பல் துலக்குகிறேன். படகிலிருந்து இறங்கியதும் தரை கொஞ்ச நேரம் ஆடும். கூட வேலை செய்கிற பையன்களுக்கும் அப்படித்தான்; அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். நான் மட்டும் பாறையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வரக்காப்பொலையில் துணிக்கடையில் வேலை செய்யும் என் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தெரியாமல் கல்யாணம் கட்ட மாட்டேன் என்று அவளாகவே இரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். அவளுக்கு இல்லை. டாக்டர் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கும் பாத்திருவோம்ணே."

"அப்புறம் பாக்கலாம்" என்றேன். இன்னும் போகவில்லை.

அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறினோம். எப்போதும் முன்னால் ஓடுகிறவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"என்ன பாக்குற?"

"ஒன்னும் இல்லண்ணே. நீ நட."

ஒவ்வொரு அடியையும் நினைத்து நினைத்து வைத்தேன். அப்படி நினைத்தால் யாராலும் நேராக நடக்க முடியாது. ஒரு இடத்தில் கால் புரண்டு, பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்தேன். பின்னால் அவளுடைய செருப்புச் சத்தம் நின்றுபோனது.

"கல்லு" என்றேன், திரும்பாமல்.

செருப்புச் சத்தம் மெல்லக் கிட்டே வந்தது. "ஆமாண்ணே, கல்லுதான்."