மாமன் மாலை

“…அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இவங்க முன்ன இருந்த வூட்ல பாத்திரம் கழுவிக்கினு இருந்தவதான் நான். பாப்பாவுக்கு சடங்குன்னு சொன்னாங்க, கண்ணால பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்” என்று பெரியம்மா சொன்னபோது அவள் இடுப்பில் சீர்த்தட்டு இருந்தது. மறு கையில் வாழை இலையில் சுற்றிய மாலை. இலை நுனியிலிருந்து சொட்டிய தண்ணீரில், குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாசல் கோலம் ஓர் ஓரமாகக் கரைந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் இலை முன்னால் உட்கார்ந்திருந்த நான் அந்தக் கோலத்தையேதான் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“யாரும்மா இது, சீர்த்தட்டெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கு?” என்று வீட்டுக்காரம்மா கேட்டது என் அம்மாவைத்தான். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே, “முன்னாடி நம்ம வீட்டுல வேலை செஞ்சவங்க” என்றாள். எங்கள் வீட்டில் என்றைக்கும் யாரும் வேலை செய்ததில்லை. நாங்கள்தான் மற்றவர் வீடுகளில் வேலை செய்திருக்கிறோம். அந்தப் பொய்யைப் பெரியம்மா மூச்சு வாங்கும் நேரம்கூடத் தாமதிக்காமல் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். பிறகுதான் மேலே எழுதியிருப்பதைச் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

பெரியம்மா என்கிறேனே தவிர அவள் அம்மாவுக்கு உடன்பிறந்தவள் இல்லை. தாம்பரத்தைத் தாண்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் பிறந்தவர்கள் இருவரும். காலனி என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாவாடை கட்டிய வயதிலேயே இருவரும் கல்குவாரியில் ஜல்லி உடைக்கப் போனார்கள். கண்ணில் சில்லு தெறிக்காமல் இருக்கத் துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய எதிரெதிரே உட்கார்ந்து உடைப்பார்களாம். “துணி சுத்திக்கினா எல்லாப் பொம்பளையும் ஒரே மூஞ்சிதான். உங்கம்மாவ சுத்தியல் சத்தத்துலதான் கண்டுபுடிப்பேன். மத்தவ அடிச்சா கல்லு ஒடையும், அவ அடிச்சா கல்லு திட்டும்” என்று பெரியம்மா சொல்லும்போது அம்மா பொய்க்கோபத்தோடு அவள் தோளில் ஒன்று வைப்பாள்.

அந்தக் குவாரியில்தான் மாமன் பேச்சு வந்தது. அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெண் வயதுக்கு வந்தால் சீர் எடுத்துவந்து முதல் மாலை போட வேண்டியவன் தாய்மாமன். நான் வயிற்றில் இருந்தபோதே, பிறக்கப்போவது பெண்தான் என்று முடிவுகட்டி அம்மா அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டிருக்கிறாள். பெரியம்மா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, “கூடப் பொறந்தவன் இல்லன்னா இன்னாடி, நான் ஒருத்தி கீறேன்ல? ஒம் பொண்ணுக்கு மாமன் நான்தான். மீசதான் கெடையாது, அதக் கரிக்கட்டயில வரஞ்சிக்கினு வரேன்” என்றாளாம். நான் வளர்ந்த பிறகும் காலனியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டுக்கு மேல் விரலை முறுக்கி, “மாமன் வந்துகீறேன், மரியாதையா எந்திரி” என்பாள். நான் எழுந்து அவள் காலைக் கட்டிக்கொள்வேன்.

அப்பாவுக்குக் கம்பெனி வேலை நிரந்தரமானதும் நாங்கள் குரோம்பேட்டைக்கு வாடகைக்கு வந்தோம். வீட்டுக்காரம்மா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி கொடுத்தனுப்புவார். ஆனால் முதல் நாளே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் அம்மா வேறு ஒரு சாதியின் பெயரைச் சொன்னாள். சாவி கைமாறியது. அன்று முதல் அம்மா பேச்சையே மாற்றிக்கொண்டாள். ‘இன்னா’ போய் ‘என்ன’ வந்தது. நான் ஒருமுறை, “பால் பொங்கிகினு கீதும்மா” என்று கத்தியதற்கு வாயிலேயே அடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மட்டும் காலனிக்குப் போய்வருவோம். பெரியம்மாவை, “நீயும் வாடி” என்று அம்மா ஒருநாளும் அழைக்கவில்லை. பெரியம்மாவும், “ஏன்டி கூப்பிடல?” என்று கேட்கவில்லை. பிறகு ஞாயிறுகளும் குறைந்தன.

எனக்குச் சடங்கு வைத்தது எண்பதுகளின் கடைசியில். தெரு முழுக்க அழைத்த அம்மா, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கும் சொல்லவில்லை. மாமன் இடத்தில் வீட்டுக்காரம்மாவின் தம்பியை நிற்க வைத்தாள். நல்ல மனிதர், கூச்சத்தோடு மாலை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆனால் அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் பெரியம்மாவைப் பார்த்தபோது சந்தோஷத்தில் சடங்கு நாளைச் சொல்லிவிட்டிருக்கிறார். அவளை யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. மாமனை யாராவது அழைப்பார்களா? அவனில்லாமல் சடங்கே தொடங்காதே என்று எண்ணித்தான் எலக்ட்ரிக் டிரெயின் ஏறி வந்திருப்பாள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று நாங்கள் காத்திருப்போம் எனப் பதறிக்கொண்டுகூட வந்திருப்பாள்.

அம்மா அப்படிச் சொல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? வீட்டுக்காரம்மா முகம் மாறியிருக்கும். பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்திருப்பார்கள். மாதம் முடிவதற்குள் வேறு வீடு தேடியிருப்போம். இதையெல்லாம் அம்மாவுக்காக நான் பல தடவை எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், சொட்டிக்கொண்டிருந்த அந்த மாலை குறுக்கே வந்து நிற்கிறது. வாதாட எனக்கே என்ன தகுதி? எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு வாய் இல்லையா? “பெரியம்மா” என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். என் கழுத்தில் கிடந்த வேறொருவர் மாலையைத் தாவணியால் மூடிக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றியது.

அதன்பின் அம்மா காலனிக்குப் போகவே இல்லை. தொண்ணூறுகளில் என் கல்யாணம் ஆன பிறகு, வயிற்றில் பிள்ளையோடு நான் மட்டும் ஒருநாள் போனேன். நன்றாகத் திட்டுவாள், வாங்கிக்கொண்டு அழுதுவிட்டு வரலாம் என்று போனேன். பெரியம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, “அய்ய, யாரு இது, வயித்த தள்ளிகினு வருது!” என்று சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். “உங்கம்மா எப்டி கீது? முட்டி வலி தேவலயா?” என்று கேட்டாள். கல்யாணத்துக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நான் கிளம்பும்வரை ஒரு தடவையும் உதட்டுக்கு மேல் விரலை முறுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. போக நினைத்திருந்தபோது சாவுச் செய்தி வந்தது.

இப்போது நாங்கள் கூடுவாஞ்சேரியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் என் பிள்ளைகள் நிமிர்ந்து பதில் சொல்லிவிடுவார்கள். முதுமையில் அம்மாவுக்குப் பழைய பேச்சு திரும்பிவிட்டது. “இன்னாடி, கொயம்புல உப்பு தூக்கலா கீது” என்கிறாள். கேட்க எனக்கு இனிக்கிறது. சில மத்தியானங்களில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கை நின்றுபோய், “அன்னிக்கி அவ சாப்ட்டாளா?” என்று கேட்கிறாள். யார் என்று நான் கேட்பதில்லை. “சாப்ட்டாம்மா, நல்லா சாப்ட்டா” என்கிறேன். பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் இன்னும் நிற்கவில்லை.

அவள் சாப்பிடவில்லை. வாசலில் அந்தப் பதிலைச் சொல்லி முடித்ததும் சீர்த்தட்டை அம்மாவின் கையில் கொடுத்தாள், மாலையைக் கொடுக்கவில்லை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் பந்தலுக்குள் வந்தாள். முதல் பந்தி அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த கூடையை இழுத்துக்கொண்டு, வரிசையாக எச்சில் இலைகளை எடுக்கத் தொடங்கினாள். வீட்டுக்காரம்மா, “பரவாயில்லையே, சொல்லாமலே செய்யுது” என்றார். என் முன்னால் வந்து குனிந்தாள். என் கழுத்து மாலையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு யாரும் கவனிக்காதபடி, இலையில் சுற்றியிருந்த தன் மாலையைக் கூடைக்குள் ஆழ அழுத்தி வைத்து, என் எச்சில் இலையை எடுத்து அதன் மேல் போட்டு மூடினாள்.