பூஜை அறைக் கதவும் ரோச்சின் உதடும்

ரோச்சுக்கு மரவேலை தெரியாது, கடல்தான் தெரியும். மீசை முளைக்கும் முன்பே சங்கு குளிக்கப் போனவன். படகில் ஓடும் கம்ப்ரசரின் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் கிடந்தே பாதி ஆயுசைக் கழித்தான். ஒருநாள் குழாயில் காற்று நின்றுபோக, பதறியடித்து மேலே ஏறிவிட்டான். அப்படி ஏறக் கூடாது. நின்று நின்று ஏற வேண்டும். மூச்சு முட்டுகிறவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா? உயிர் தப்பியது. இடது கால் இழுத்துக்கொண்டது, இரண்டு கை விரல்களிலும் உணர்ச்சி போயிற்று. கால் போனது ஊருக்கே தெரியும். விரல் சங்கதியை அவன் மனைவி பிளாரன்சிடம்கூடச் சொல்லவில்லை.

கால் போனவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலையாவது கிடைக்கும். கையும் போனவனுக்கு அனுதாபம்தான் கிடைக்கும். அதை வைத்து உலை கொதிக்காது. அதனால் வாயை மூடிக்கொண்டு, நாசரேத்துக்காரர் டேவிட்சனின் சி.என்.சி. மரச்செதுக்குப் பட்டறையில் தேய்ப்பு வேலைக்குச் சேர்ந்தான்.

மெஷினே எல்லாம் செய்துவிடும் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. கிழிக்கும்! படத்தைக் கணினியில் கொடுத்தால் தேக்கில் சாமியைச் செதுக்கித் தரும், உண்மைதான். ஆனால் செதுக்கும் பிட் ஓடிய வழியெல்லாம் மெல்லிய கோடு கிடக்கும், பள்ளங்களில் நார் பஞ்சாக நிற்கும். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் தாள்வரை மனிதன்தான் தேய்க்க வேண்டும். நடுவில் ஈரத்துணியால் துடைத்தால் படுத்திருந்த நார் எழும்பும். காய்ந்த பிறகு மறுபடி தேய்ப்பு. பக்கத்துத் துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூசியைத் துடைக்காமல், பாலிஷுக்கு முன் பூசும் சீலரை அடித்தால் அத்தனையும் பாழ். கூடத் தேய்த்தால் சாமிக்கு மூக்கு போய்விடும். குறையத் தேய்த்தால் பாலிஷ் ஏறியதும் கோடுகள் பல்லை இளிக்கும். எங்கே நிறுத்துவது என்று விரல்தான் சொல்ல வேண்டும்.

ரோச்சின் விரல் ஒன்றும் சொல்லாது. வந்த புதிதில் ஒரு புனிதரின் மூக்கை மழுக்கிவிட்டு நல்ல வசவு வாங்கினான். பிறகு வழி கண்டுபிடித்தான். யாரும் பார்க்காதபோது குனிந்து, கீழுதட்டை மரத்தில் வைத்து மெல்ல இழுப்பான். விரலுக்கு எட்டாத கோடெல்லாம் உதட்டுக்கு எட்டியது. மரத்தூள் பட்டு உதடு வெடித்துப் புண்ணானது. வேலை மட்டும் கண்ணாடி மாதிரி வந்தது.

ஒருநாள் மாதா சொரூபத்தின் கன்னத்தில் அவன் வாய் வைத்திருந்ததை டேவிட்சன் பார்த்துவிட்டார்.

"ஏலே, முத்தம் குடுத்தது போதும், வேலையைப் பாருல" என்றார். அவர் புராட்டஸ்டன்ட், அவர் சபையில் சொரூபத்தை முத்தமிடும் பழக்கம் கிடையாது. கத்தோலிக்கன் என்றால் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டார். ரோச் சிரித்து வைத்தான். அதற்குப் பிறகு சுற்றுமுற்றும் பார்ப்பதை விட்டுவிட்டான். அங்கேதான் பிசகிப்போனது.

விளாத்திகுளம் முத்துச்செல்வம் தம் புது வீட்டுப் பூஜை அறைக்குக் கஜலட்சுமி கதவு கேட்டிருந்தார். பால்காய்ப்பு நெருங்குகிற தவிப்பில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். லட்சுமியின் முகத்தில் ஒருவன் வாயை வைத்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏய்! சாமி மூஞ்சியில எச்சி பண்ணுதியே, நீ மனுசனால?"

ருசி பார்த்த பண்டத்தைக்கூடச் சாமிக்குப் படைக்காத வீடு அவருடையது. அவர் கத்தியதில் தப்பே இல்லை. டேவிட்சன் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, இவங்க ஆளுங்க சொரூபத்துக்கு முத்தம் குடுப்பாங்க. அந்தப் பழக்கத்துல..."

"அது அவங்க சாமிக்கு. எங்க சாமிகிட்ட எதுக்கு வாரான்? வேணும்னே செஞ்சிருக்கான். கதவு எனக்கு வேண்டாம்."

ரோச் உப்புத்தாளைக் கீழே வைத்தான். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், தன் சாமியை ஒருவன் கேவலப்படுத்திவிட்டான் என்று இந்த மனிதர் சாகும்வரை நினைப்பார். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"மாதா சத்தியமா வேணும்னு செய்யல அண்ணாச்சி. எனக்கு விரல்ல உணர்ச்சி கெடையாது, கடல்ல போச்சு. வழுவழுப்பை உதட்டை வச்சுத்தான் பாக்கேன். எச்சி படாமத்தான் பாக்கேன்."

முத்துச்செல்வம் அவன் உதட்டுப் புண்ணைப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. "மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிடுதேன். கதவு இருக்கட்டும்" என்றார்.

டேவிட்சன் பார்த்தது உதட்டை அல்ல, கைகளை.

"கண்ணை மூடுல" என்றார். ரோச்சின் விரல்களைப் பிடித்து ஒரு பலகையில் வைத்து நகர்த்தினார். "சொல்லு. தேய்ச்சதா, தேய்க்காததா?"

ரோச் காத்திருந்தான். ஒன்றுமே தெரியவில்லை. ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தேய்ச்சது அண்ணாச்சி. நல்லா வழுவழுன்னு இருக்கு."

"ஐயோ, கையை எடுப்பா" என்றார் முத்துச்செல்வம்.

கண்ணைத் திறந்தான். மெஷினிலிருந்து அப்போதுதான் இறக்கிய பலகை. ஆள்காட்டி விரலில் மரச்சிலாம்பு ஒன்று ஆழமாக ஏறி, ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

டேவிட்சன் இடுக்கியை எடுத்துவந்து தாமே அதைப் பிடுங்கினார். "இங்கன மெஷின் ஓடுத எடம்ல. விரலே துண்டாப் போனாலும் ஒனக்குத் தெரியாதே. நான் எப்படி ஒன்ன வச்சுக்கிட முடியும்?" என்றார்.

முத்துச்செல்வம் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோச் தன் விரலைப் பார்த்துக்கொண்டே அழுதான். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.