ஹாலிஸ் கூரையைத் தட்டினான்

பைன் ரிட்ஜ் கார் பந்தயத் தடத்தில் என் தம்பி ஹாலிஸ் டட்டில் ஐந்து முறை சாம்பியன். வர்ஜீனியாவுக்கு வெளியே அவனை யாருக்கும் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. முதல் பட்டம் வந்த கதையை மட்டும் சொல்கிறேன். மற்ற நான்கும் அதன் பின்னாலேயே வந்துவிட்டன.

வாரநாட்களில் அவனுக்கு டிராக்டர் பழுதுபார்க்கும் வேலை. எனக்குக் காலுறை ஆலையில் சோதிக்கும் வேலை. ஜோடியில் ஒன்று நூலளவு நீளமாக இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். அதனால் அவனுடைய பழைய ஷெவர்லேயின் டயர்கள் என் பொறுப்பாயின. எங்கள் தடம் சின்னது, முட்டை வடிவம். வண்டி எப்போதும் இடது பக்கமே திரும்பும். வலது பின் டயர் இடதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் வளைவில் மல்லுக்கட்டாமல் திரும்பும். ஒரே அளவென்று விற்கும் டயர்கள் ஒருநாளும் ஒரே அளவாக இருந்ததில்லை. தையல் நாடாவால் ஒவ்வொன்றையும் சுற்றி அளந்து, அதன் மேலேயே சாக்கட்டியால் எழுதிவைப்பேன். வண்டிகள் நிற்கும் இடத்துக்குள் பெண் வந்தால் ராசி கெடும் என்று தடுத்த காலத்தில், வேலிக்கு வெளியே எங்கள் லாரியில் அளந்து உள்ளே உருட்டிவிட்டிருக்கிறேன்.

ஹாலிஸ் முதல் வருடம் முழுக்கச் சுவரில் மோதினான். அடுத்த வருடம் சுவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மேல் மோதினான். பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டான். 1983-ல் வருட மொத்தப் புள்ளிக் கணக்கில் இரண்டாவதாக வந்தான். முதலிடம் லாய்ட் ரிக்ஸ்பிக்கு. கோழிப்பண்ணைக்காரர் மகன், வாய் ஓயாதவன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தம்பியிடம், "என்னடா, அக்கா இன்னும் உனக்குச் சட்டை தைக்க அளவு எடுக்குறாங்களா?" என்பான்.

அடுத்த வருடம் கடைசிப் பந்தயம் வரும்போது இருவரும் சமப் புள்ளியில் நின்றார்கள். யார் முன்னால் வருகிறானோ அவனுக்கே பட்டம். ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்த கையோடு ஊரே வந்துவிட்டது. பொரித்த பொலோனா இறைச்சித் துண்டுகளின் வாசனை தடம் முழுக்க நிறைந்திருந்தது.

லாய்ட் முதலில், ஹாலிஸ் அவன் வாலைப் பிடித்தபடி. பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருந்தபோது மூன்றாம் வளைவில் ஹாலிஸ் பிரேக்கைச் சற்றுத் தாமதமாக அழுத்தினான். அவன் முன்பம்பர் லாய்டின் வண்டியைப் பின்னால் இடித்தது. லாய்டின் வண்டி சுழன்று புல்லில் போய் நின்றது. மஞ்சள் கொடி காட்டினார்கள். எல்லா வண்டிகளும் மெதுவாக ஊர்ந்தன.

லாய்ட் தானாகவே வழுக்கினான் என்று அதிகாரிகள் நினைத்துவிட்டார்கள். சுழன்ற வண்டி கடைசிக்குப் போக வேண்டும். ஆனால் எங்கள் தடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடித்தவன் கையை வெளியே நீட்டிக் கூரையைத் தட்டினால் தப்பு அவனுடையது. அவன் கடைசிக்குப் போவான். சுழன்றவனுக்குப் பழைய இடம் கிடைக்கும். தட்டாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

ஹாலிஸின் கை வெளியே வந்தது. கூரையைத் தட்டினான்.

என் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் அடித்தேன். ஆராதனைக்குப் போய்வந்த வாயால் சொல்லக்கூடாததைச் சொன்னேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. கடைசிக்குத்தான் போகப்போகிறான் என்றால் டயர் மாற்றுவதில் நஷ்டம் என்ன? முன்னால் இருப்பவர்கள் இடம் போய்விடும் என்று யாரும் உள்ளே வரமாட்டார்கள். நான் கையை ஆட்டி அவனை உள்ளே கூப்பிட்டேன். அளந்து வைத்திருந்ததில் சரியான புது வலது பின் டயரை மாட்டினோம். அவன் ஜன்னல் வலை வழியாகக் கத்தினான்: "திட்டாத அக்கா, நட்டை முறுக்கு!"

மறுபடி பச்சைக் கொடி காட்டினார்கள். தேய்ந்த டயர்கள் வளைவில் வெளியே வழுக்கியபோது ஹாலிஸின் வண்டி தடத்தைக் கவ்விப் பிடித்து ஒவ்வொருவராகத் தாண்டியது. யாரையும் அவன் தொடவில்லை. கடைசிச் சுற்றில் லாய்டுக்கு வெளிப்பக்கமாக, சுவரை ஒட்டி ஏறினான். லாய்ட் நினைத்திருந்தால் அவனைச் சுவரோடு நசுக்கியிருக்கலாம். ஆனால் அவன் உள்பக்கமாகவே ஓட்டி, ஒரு வண்டி போகும் அளவு இடம் விட்டான். முடிவுக் கோட்டை ஹாலிஸ் பாதி வண்டி நீளம் முன்னால் தாண்டினான்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஏன் தட்டினாய் என்று கேட்டேன்.

"இடிச்சது நான்தானே. வாராவாரம் இவங்களோடதான ஓட்டணும், அக்கா."

முகமெல்லாம் கரியாக லாய்ட் வந்து அவன் கையைக் குலுக்கினான். பிறகு குனிந்து வலது பின் டயரைத் தடவிப் பார்த்தான்.

"அடுத்த வருஷம் எனக்கும் அளந்து குடுங்களேன், அக்கா."

"கோழி வேணும்னா அளந்து தரேன், கொண்டா," என்றேன்.

அவன் சிரித்தான். அதற்குள் ஹாலிஸைக் கோப்பையோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான்.