வெள்ளைக் கறிக் காலம்

என் கணவர் நெஞ்செரிவுக்குக் குளிசை போடத் தொடங்கியபோது எங்கள் மகள் ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். இப்போது அவள் கார் ஓட்டுகிறாள். சில கிழமைகளுக்கு மட்டும் என்று சொல்லி எழுதிக்கொடுத்த டாக்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். குளிசை மட்டும் போகவில்லை.

அதோடு சேர்ந்து எனக்கும் ஒரு தண்டனை வந்தது. எரிவுக்குக் காரணம் என் கறித்தூள்தான் என்று என் கணவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வறுத்து இடித்த தூள் போட்டு, எண்ணெய் மிதக்க நண்டுக் கறி வைப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சிட்னியில், செவன் ஹில்ஸில் எங்கள் வீதிக்குள் திரும்பும்போதே வாசம் வரும் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். முதலில் இரண்டு சட்டி வைத்தேன், அவருக்குத் தூள் போடாத வெள்ளை, எனக்குச் சிவப்பு. வேலையால் வந்து இரண்டு சட்டி கழுவ யாருக்குப் பொறுமை இருக்கும்? மெல்ல மெல்ல வீடே வெள்ளைக் கறிக்கு மாறியது. மீன் வெள்ளை, கிழங்கு வெள்ளை, நண்டுகூடத் தேங்காய்ப்பாலுக்குள் வெளிறிக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்கும் மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இவ்வளவுக்கும் எரிவு நிற்கவில்லை. தூளும் இல்லை, குளிசையும் உண்டு, பிறகும் ஏன் எரிகிறது? அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அவர் தன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் சிட்னிக் கிளைச் செயலாளர். கூட்டமெல்லாம் சூமில். லண்டன் கிளையினர் காலைத் தேநீரோடு வந்து உட்காரும்போது எங்களுக்கு இருட்டிவிடும். கூட்டம் முடியாமல் இவர் சாப்பிட மாட்டார். வாயில் புட்டோடு உறுப்பினர்களுக்குப் பதில் சொல்வது சங்கத்துக்கு மரியாதை இல்லையாம். கூட்டமும் இலேசில் முடியாது. பள்ளிக்கூட மதிலுக்கு என்ன நிறம் பூசுவது என்பதற்கு மூன்று கண்டங்களிலிருந்தும் அபிப்பிராயம் வரும். எல்லாம் முடிந்து, பசியில் கோப்பை நிறையப் புட்டைச் சாப்பிட்டுவிட்டு நேரே போய்ப் படுத்துவிடுவார்.

அந்தச் சங்கத்து வாட்ஸ்அப்பில்தான் ஒருநாள் யாரோ, இந்தக் குளிசை எலும்பைத் தின்றுவிடும் என்று குரல்பதிவு அனுப்பினார்கள். இவர் அன்றே நிறுத்தினார். ஒரு கிழமைக்குள் நெஞ்சு முன்னையிலும் மோசமாக எரிந்தது. "பாத்தீரே, இது இல்லாமல் எனக்கு ஏலாது," என்று திரும்பவும் தொடங்கினார். என் கறியில் மிச்சமிருந்த பச்சை மிளகாய்க்கும் அன்றோடு தடை வந்தது.

பொறுத்தது போதும் என்று அவரை வெஸ்ட்மீட்டில் ஒரு புது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. விழுங்கக் கஷ்டமா, நிறை குறைந்ததா என்றெல்லாம் விசாரித்து, உறைப்பையும் குளிசையையும் நிறுத்திய கதையை என் வாயால் கேட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பியது.

"அங்கிள், டின்னர் எத்தனை மணிக்கு?"

"எட்டு மணி மட்டில."

நான் தொண்டையைச் செருமினேன்.

"மீட்டிங் இருந்தா பத்து, பத்தரை," என்றார்.

"கிழமையில நாலு நாள் மீட்டிங்," என்றேன் நான்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரத்தால படுப்பீங்க?"

"கை காயமுன்னம் நித்திரை," என்று அதற்கும் நானே பதில் சொன்னேன்.

பிள்ளை சிரித்துவிட்டது. "உறைப்பு கொஞ்சப் பேருக்கு ஒத்துவராதுதான். ஆனா அன்ரி அதை நிப்பாட்டியும் எரியுதெண்டா, ஃபர்ஸ்ட் டைமிங்கை மாத்திப் பாப்பம். டின்னர் ஏழு மணிக்கு. டாப்லெட்டைச் சடாரெண்டு நிப்பாட்டக் கூடாது, அதாலதான் அண்டைக்குக் கூடுதலா எரிஞ்சது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம்."

இத்தனை வருடம் என் சட்டிக்குள் தேடிய குற்றவாளி சங்கத்துக்குள் இருந்திருக்கிறான். வீடு வரும்வரை, அடுத்த மீட்டிங் எத்தனை மணிக்கு என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும்.

ஏழு மணிக்குச் சாப்பிட்டார். சங்கம் இடிந்து விழவில்லை. படுக்கும்போது நெஞ்சு உயர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபடி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்தார். குளிசை குறைந்து, ஒருநாள் விட்டு ஒருநாளாகி, கடைசியில் நின்றது. இனி உறைப்பைப் போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன கிழமையே நான் நண்டு வாங்கினேன்.

குசினி ஜன்னலைத் திறந்துவிட்டு, தூளை அள்ளிப் போட்டு, முருங்கையிலை சேர்த்து, பழைய சிவப்பில் இறக்கினேன். அவர் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சி, வியர்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் விடும்," என்றார்.

எனக்கு முதல் வாயே இறங்கவில்லை. நாக்கு கொதித்தது, மூக்கால் ஓடியது. தண்ணீர் தண்ணீராகக் குடித்தேன். நான் வைத்த கறியை என்னாலேயே சாப்பிட முடியவில்லை. உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

"என்னப்பா, உறைப்புக் கூடிப்போச்சோ?"

"உங்கட நெஞ்சு சுகமாயிட்டுது. என்ர நாக்கை ஆர் திருப்பித் தாறது?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். எழும்பிப் போய்க் கை கழுவி, ஃபிரிட்ஜிலிருந்த தேங்காய்ப்பாலைக் கொண்டுவந்து என் கோப்பையில் விட்டுக் கலக்கினார்.

"சடாரெண்டு தொடங்கக் கூடாது," என்றார். "கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுவம்."

என் நண்டு திரும்பவும் வெளிறிப்போனது. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.