மூடியில் காரீயம்

எனக்குப் பீர் பழக்கம் கிடையாது. ஆனாலும் பழைய ஜெர்மன் பீர் குவளைகள் மீது பைத்தியம் பிடித்தது. பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டரில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். சும்மா பார்க்கப் போன இடத்தில்தான் முதல் குவளை கிடைத்தது. சாம்பல் நிறப் பீங்கான். உடம்பெல்லாம் புடைப்பாக வேடர்கள், மான்கள், ஒரு கோட்டை. கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கும் உலோக மூடி. மூன்று வருஷத்தில் பதினேழு சேர்ந்தன.

ஒரு சனிக்கிழமை காலை, நான்கு வயது மகள் சோபாவில் அமர்ந்து அந்த முதல் குவளையில் எதையோ குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா கண்ணா அது?"

"ஆரஞ்சு ஜூஸ். திஸ் இஸ் மை காசில் கப்."

அவளுடைய கோட்டைக் குவளையை வாங்கிப் பார்த்தேன். மூடியின் விளிம்பில் குட்டிக் குட்டிப் பல் தடங்கள்.

சமையலறையில் இருந்த மனைவியிடம் ஓடினேன். "எத்தனை நாளா இதுல குடிக்கிறா?"

"ஒரு மாசம் இருக்கும். கேட்டா, கழுவிக் குடுத்தேன். ஏன்?"

"மூடியில ஈயம் இருக்கலாம்."

"ஈயச்சொம்புல ரசம் வெக்கறோமே?"

"அது வெள்ளீயம். இது காரீயம். லெட். புளிப்பு பட்டா இறங்கும். குழந்தைங்க மூளைக்கு ஆகாது."

அவள் முகம் வெளுத்தது. "தெரிஞ்சுமா கைக்கு எட்டற எடத்துல வெச்சீங்க?"

மருந்துக் கம்பெனியில் என் வேலையே மாத்திரைகளில் இப்படிப்பட்ட உலோகங்கள் இருக்கின்றனவா என்று சோதிப்பதுதான்.

திங்கட்கிழமை டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மகளைப் பார்க்கவே பயந்தேன்; பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சாப்பிடாமல் தட்டைத் தள்ளினால் பயம். ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் பயம். எண்ணச் சொன்னேன். ஆறுக்குப் பிறகு ஏழை விட்டுவிட்டு எட்டுக்குப் போனாள். மறுபடி எண்ணச் சொன்னேன்.

"அப்பா, ஸ்டாப்!" என்று அழுதாள்.

புதன்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் இருந்தபோது நர்ஸ் அழைத்தார். அளவு பயப்படும்படி இல்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார். ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மனைவிக்கு போன் பண்ணினேன். அவள் அழுகைதான் கேட்டது.

இரண்டாவது சோதனையும் நல்லபடியாக வந்தது. அதற்குள் குவளைகளை, சேகரிப்பில் ஆர்வமுள்ள ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்குச் சின்னக் குழந்தைகள் வருவார்களா என்று கேட்டேன். யாரும் வருவதில்லை என்றார். இருந்தும் மூடிகளைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் பெட்டிகளை அவர் காரில் ஏற்றினேன்.